போஸ்ட்மேன் பேட்டின் சிவப்பு வேனை வீட்டில் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

1981 செப்டம்பர் 16 அன்று பிபிசியில் ‘போஸ்ட்மேன் பேட்’ தொடங்கியது. கிரீன்டேல் என்ற கற்பனைப் பள்ளத்தாக்கு, அதன் தபால்காரர் பேட், பக்கத்து சீட்டில் ஜெஸ் என்ற கறுப்பு வெள்ளைப் பூனை, இவர்களோடு ஒரு குட்டிச் சிவப்பு வேன். கதைகளை எழுதியவர் ஜான் கன்லிஃப். அவர் வாழ்ந்த கெண்டல் ஊருக்குப் பக்கத்திலுள்ள லாங்ஸ்லெடேல் பள்ளத்தாக்குதான் கிரீன்டேலுக்கு முன்மாதிரி. பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையையும் தனி ஃபிரேமாக, அதாவது தனிப் படமாக எடுக்கும் ‘ஸ்டாப் மோஷன்’ முறையில் தொடரை இயக்கியவர் ஐவர் வுட். முதல் தொடரில் மொத்தமே 13 அத்தியாயங்கள்தான். அந்த 13-ஐயும் திரும்பத் திரும்பப் போட்டே ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டார்கள்.

இந்த வகை வண்டிகளைத் திரும்பச் செய்ய நினைப்பவர்களுக்குத் திரைதான் முதல் ஆதாரம், பல சமயம் ஒரே ஆதாரம். ‘டிரம்ப்டன்’, ‘கேம்பர்விக் கிரீன்’ என்ற பிபிசி பொம்மைத் தொடர்களின் தீயணைப்பு வண்டியையும் மனிதர்களையும் 1960களில் உருவாக்கிய கார்டன் முர்ரே, 1980களில் தன் பொம்மைகளில் பெரும்பாலானவற்றைத் தோட்டத்தில் தீயிட்டுக் கொளுத்திவிட்டார். படச்சுருளில் பதிந்ததை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

வேலையைத் தொடங்குமுன் மனதில் நிறுத்த வேண்டியது ஒன்று உண்டு. நிஜ இங்கிலாந்துத் தபால் வேனைப் பார்த்து இதைச் செய்யாதீர்கள். திரையில் ஓடியது நிஜ வேனின் சிறிய நகல் கிடையாது. பெரிய தலையும் நீள மூக்கும் தொப்பியும் உள்ள ஒரு பொம்மை உள்ளே உட்கார வேண்டும், கண்ணாடி வழியே அதன் முகம் தெரிய வேண்டும், நகர்த்துபவரின் விரல் உள்ளே போய் வர வேண்டும். இந்த மூன்று தேவைகளும் சேர்ந்துதான் அந்த வேனின் விகிதத்தை முடிவு செய்தன. நிஜ வேனின் படத்தை வைத்துத் ‘திருத்த’ ஆரம்பித்தால் கிடைப்பது ஏதோ ஒரு சிவப்பு வேன், அவ்வளவுதான். குழந்தைகளிடம் காட்டினால் முதல் நொடியிலேயே தெரிந்துவிடும்.

எந்த வருஷத்து வேன்?

1981 தொடர், 1996-இல் தொடங்கிய இரண்டாம் தொடர், 2004-இலிருந்து காஸ்குரோவ் ஹால் எடுத்த தொடர், 2008-இன் ‘ஸ்பெஷல் டெலிவரி சர்வீஸ்’ என்று பேட் பல கைகள் மாறியவர். வண்டியும் கூடவே மாறிக்கொண்டு வந்தது. இணையத்தில் தேடினால் எல்லாம் கலந்துகட்டி வரும். ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்து, அதன் ஃபிரேம்களை மட்டும் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். கடையில் விற்ற பொம்மை வேன்களின் படங்களை அந்த ஃபோல்டருக்குள் விடவே விடாதீர்கள். அச்சு வார்ப்பதற்கு வசதியாக விகிதத்தை மாற்றி விற்றவை அவை. இந்த வழிகாட்டி முழுக்க 1981 வேனைப் பற்றியது.

திரையிலிருந்து அளவெடுப்பது

பாதிப்பேர் சறுக்குவது இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பழைய தொடர்கள் 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. அகலத் திரை டிவியில் அதை இழுத்துக் காட்டினால் வேன் மூன்றில் ஒரு பங்கு நீண்டுவிடும். இது கண்ணுக்கே தெரியும், தப்பித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்து டிவிடியில் படம் 720 × 576 புள்ளிகளாகப் பதிவாகியிருக்கும். அந்தப் புள்ளிகள் சதுரமானவை அல்ல. நேரடியாக ஃபிரேமைப் பிடித்துச் சேமித்தால் படம் பக்கவாட்டில் 6 சதவீதத்துக்கு மேல் ஒடுங்கிப்போகும். அகலத்தை 768 ஆக மாற்றிய பிறகுதான் அளவெடுக்க வேண்டும்.

எதையும் நம்பாமல் சரிபார்க்க ஒரே வழி சக்கரம். சக்கரம் வட்டம், அதில் சந்தேகமில்லை. பக்கவாட்டு ஃபிரேமில் ஒரு சக்கரத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். அகலம் குறைந்தால் படம் ஒடுங்கியிருக்கிறது, அல்லது வேன் லேசாகத் திரும்பி நிற்கிறது. உயரம் குறைந்தால் படம் இழுபட்டிருக்கிறது, அல்லது கேமரா மேலிருந்து பார்க்கிறது. கூரையின் மேற்பரப்பு கண்ணில் பட்டால் கேமரா உயரத்தில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளலாம். அந்த ஃபிரேமில் எடுக்கும் உயரங்கள் எல்லாம் கொஞ்சம் குட்டையாகத்தான் வரும்.

வேனின் முன்முகமும் பின்கதவும் இரண்டுமே தெரியாத ஃபிரேம் ஒன்றும், பக்கச் சுவர் தெரியாத நேர்முன் ஃபிரேம் ஒன்றும் தேடுங்கள். வேன் திரையின் நடுவில் இருக்கும் ஃபிரேமாக இருந்தால் நல்லது. ஓரங்களில் லென்ஸ் கோடுகளை வளைக்கும். வேன் ஓடும்போது எடுத்த ஃபிரேமைவிட, நிறுத்திவிட்டு பேட் கடிதம் கொடுக்கப் போகும் காட்சிகள் தெளிவாக இருக்கும்.

இப்போது எல்லாவற்றையும் சக்கரத்தின் விட்டத்தால் வகுங்கள். உதாரணத்துக்கு, திரையில் வேனின் நீளம் 186 மி.மீ., சக்கரம் 31 மி.மீ. என்று வந்தால் நீளம் ஆறு சக்கரம். கூரை உயரம் எத்தனை சக்கரம், ஜன்னலின் கீழ்விளிம்பு எத்தனை, பானெட் எவ்வளவு தூரம் முன்னே நீள்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்று வெவ்வேறு ஃபிரேம்களில் ஒரே எண் கிடைத்தால்தான் அதை நம்பலாம். கிடைக்கவில்லையா? நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு பெரிதாகச் செய்வது என்பது உங்கள் விருப்பம். அலமாரியில் வைக்கவும் வேண்டும், ஃபோனில் ஸ்டாப் மோஷன் எடுத்தும் பார்க்க வேண்டும் என்றால் 24 செ.மீ. நீளம் வசதியானது. மேலே சொன்ன உதாரண விகிதப்படி சக்கரம் 4 செ.மீ. வரும். இனி வரும் அளவுகள் அந்தக் கணக்குப்படிதான். உங்கள் ஃபிரேம் வேறு விகிதம் சொன்னால் அதன்படி போங்கள்.

முதலில் அட்டையில்

கல்யாணப் பத்திரிகை அட்டையோ பழைய காலண்டர் அட்டையோ போதும். பக்கங்கள், முன்முகம், பின்பக்கம், கூரை எல்லாவற்றையும் வெட்டி செல்லோடேப்பால் ஒட்டுங்கள். பிறகு ஃபோனில், நீங்கள் எடுத்து வைத்த ஃபிரேமின் அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கூரை கனமாகத் தெரிகிறதா, பானெட் நீண்டுவிட்டதா என்பது இங்கே தெரிந்துவிடும். ஃபோனை மிக அருகில் வைக்க வேண்டாம், முன்பக்கம் ஊதித் தெரியும். இரண்டடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

உடல்

தரைக்கு 5 மி.மீ. பிளைவுட். சுவர்களுக்கு விளம்பரப் பலகைக் கடைகளில் கிடைக்கும் 3 மி.மீ. சன்போர்டு. அதை இரண்டு அடுக்காக ஒட்டி 6 மி.மீ. ஆக்குங்கள். ஒற்றை அடுக்கில் விளிம்பை உருட்ட முடியாது, தேய்த்ததும் ஓட்டை விழும். தெர்மகோல் பக்கம் போகவே வேண்டாம். ஸ்பிரே பெயின்ட் பட்டால் கரைந்து உள்ளே இறங்கிவிடும்.

சுவர்களைச் சேர்ப்பதற்கு முன்பே ஜன்னல்களை வெட்டிவிடுங்கள். இந்த வகை வண்டிகளில் ஜன்னல் மூலைகள் உருண்டு இருக்கும். கத்தியால் வளைவு வெட்டப் போனால் நான்கு மூலையும் நான்கு விதமாக வரும். நான்கு மூலையிலும் ஒரே டிரில் பிட்டால், 6 மி.மீ. அளவு சரியாக இருக்கும், துளை போடுங்கள். பிறகு துளைகளின் வெளிவிளிம்பைத் தொட்டபடி ஸ்கேல் வைத்து நேர்கோட்டில் வெட்டுங்கள். நடுத்துண்டு கழன்று வரும்போது மூலைகள் தாமாகவே உருண்டிருக்கும். சக்கர வளைவுகளைச் சக்கரத்தைவிட 3 மி.மீ. கூடுதல் ஆரத்தில் வெட்டுங்கள்.

ஜன்னலில் கண்ணாடியோ ஓஎச்பி ஷீட் எனப்படும் தெளிவான பிளாஸ்டிக் தாளோ வேண்டாம். ஸ்டாப் மோஷன் வண்டிகளில் பொதுவாகவே கண்ணாடியைத் தவிர்ப்பார்கள். விளக்கும் கேமராவும் நகர்த்துபவரின் சட்டையும் அதில் பிரதிபலிக்கும், உள்ளே இருக்கும் பொம்மையைத் தொடவும் முடியாது. வெறும் திறப்பாக விட்டால்தான் அந்தக் காலத்துத் தோற்றம் வரும். இதை மட்டும் நம்ப மறுப்பவர்கள் நிறையப் பேர். ஒருமுறை பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால் அவர்களே பிய்த்துவிடுவார்கள்.

செங்குத்து மூலைகளின் உட்புறத்தில் தச்சர்கள் பயன்படுத்தும் கால்வட்ட பீடிங்கை (மெல்லிய மரச்சட்டத்தை) ஃபெவிகால் போட்டு ஒட்டுங்கள். இப்போது மூலையில் தேய்ப்பதற்குப் போதுமான கனம் கிடைக்கும். கூரையைச் சன்போர்டு அடுக்குகளாக, மேலே போகப் போகச் சற்றுச் சிறிதாக வெட்டி, படிக்கட்டு மாதிரி ஒட்டிவிட்டுப் படிகளைத் தேய்த்து வளைவாக்குங்கள். கூரை நிரந்தரமாக ஒட்டப்படக் கூடாது. நான்கு மூலையிலும் 6 மி.மீ. காந்தங்களைப் பதித்துவிட்டால் தூக்கி எடுக்கலாம், திரும்ப வைக்கலாம். காந்தத்தை ஒட்டுமுன் முனைகளைச் சரிபாருங்கள். ஒன்று மாறினாலும் அந்த மூலை மட்டும் எழும்பி நிற்கும்.

வளைவு இருபுறமும் ஒன்றாக வர, அந்த வளைவின் எதிர் உருவத்தை அட்டையில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தேய்த்துக்கொண்டே அட்டையைக் கூரை நெடுக ஓட்டிப் பாருங்கள். வெளிச்சம் புகும் இடம் பள்ளம், அட்டை முட்டும் இடம் மேடு.

சக்கரம்

நான்கு சக்கரங்களை 9 மி.மீ. பிளைவுட்டில், டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டும் ஹோல் சா போட்டு எடுக்கலாம். நடுவில் விழும் பெரிய துளையை மரக்குச்சியால் அடைத்துவிட்டு, மையம் பார்த்து 2 மி.மீ. துளை போட வேண்டும். அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. அது 2 மி.மீ. தடிமன்தான். அச்சு சுழலும் குழாய்க்குக் காலியான பால்பாயின்ட் ரீஃபில். கம்பி தளர்வாக நுழையும் ரீஃபிலாகத் தேடி எடுங்கள். டயருக்குப் பழைய சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையம். நடுக் குமிழுக்கு ஒரு சட்டைப் பட்டனைக் கவிழ்த்து ஒட்டினால் அச்சு அசலாக இருக்கும்.

சாதாரண பொம்மை வண்டிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இந்தச் சக்கரம் தாராளமாக உருளக் கூடாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நீங்கள் பேட்டின் தலையைத் திருப்பும்போது வண்டி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் திரையில் துள்ளும். சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் ஃபெல்ட் துணி வட்டம் ஒன்றைச் செருகி லேசாக இறுக்குங்கள். கையால் தள்ளினால் உருள வேண்டும், சாய்வான அட்டையில் வைத்தால் நிற்க வேண்டும். தரையின் அடிப்பகுதியில் நான்கைந்து கனமான நட்டுகளை எம்-சீல் வைத்து ஒட்டினால் வண்டி அழுத்தமாக நிற்கும்.

கிரீன்டேலில் நேர்ச்சாலை என்று ஒன்று கிடையாது. ஆகவே முன் அச்சு திரும்பியாக வேண்டும். அச்சைத் தாங்கும் சிறு மரக்கட்டையை நடுவில் ஒரே திருகாணியால் தரையில் பொருத்துங்கள். பத்துப் பன்னிரண்டு பாகை திரும்பினால் போதும். அதற்கு மேல் போனால் டயர், உடலில் வெட்டிய சக்கர வளைவில் உரசும்.

பட்டி, பிரைமர், சிவப்பு

இணைப்புகளைப் பட்டி வைத்து நிரப்பி உப்புத்தாள் போடும் வேலை சலிப்பானதுதான். ஆனாலும் வேனின் அழகு முழுக்க அந்த உருண்ட விளிம்புகளில்தான் இருக்கிறது. 220 தாளில் தொடங்கி 400, பிறகு 800. கார் பெயின்டர்களின் என்.சி. பட்டியில் இருக்கும் தின்னர் சன்போர்டை இளக்கக்கூடும். முதலில் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பிரைமர் இரண்டு கோட் அடித்து மூடிவிட்டு, வெட்டித் தள்ளிய துண்டு ஒன்றில் பட்டியைச் சோதித்த பிறகு உடலில் வையுங்கள்.

சிவப்பு, அடியிலுள்ள நிறத்தை மறைக்கும் திறன் குறைந்த நிறம். சாம்பல் பிரைமரின் மேல் நேராக அடித்தால் செங்கல் போல் மங்கும். நடுவில் வெள்ளையோடு கொஞ்சம் சிவப்பு கலந்த ரோஸ் நிறத்தில் ஒரு கோட் கொடுங்கள். அதன் மேல் இரண்டு மெல்லிய சிவப்புக் கோட்டிலேயே பளிச்சென்று வந்துவிடும். எனாமல் என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு முழு நாள் காய விடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பது காய்ந்ததற்கு அடையாளம் ஆகாது.

எந்தச் சிவப்பு? பிரிட்டிஷ் நிற அட்டவணையான பி.எஸ். 381சி-இல் 538 என்ற எண்ணின் பெயரே ‘போஸ்ட் ஆபீஸ் ரெட்’. இந்தியாவின் ஐ.எஸ். 5 நிற அட்டவணையிலும் அதே எண், அதே பெயர். அதனால்தான் நம் ஊர் ஹார்டுவேர் கடையில் ‘பி.ஓ. ரெட்’ எனாமல் என்று கேட்டால் டப்பாவை எடுத்து நீட்டுகிறார்கள். தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான சிவப்பு இல்லை. 537-ஆம் எண்ணான சிக்னல் ரெட் பக்கத்து அடுக்கில்தான் இருக்கும், மூடியைப் பார்த்து வாங்குங்கள்.

கம்ப்யூட்டரில் ஃபிரேமைத் திறந்து, நிறம் எடுக்கும் கருவியால் சிவப்பைக் குத்தி எடுப்பது வீண் வேலை. 3200 கெல்வின் டங்ஸ்டன் விளக்கு, வருஷக் கணக்கில் நிறம் மாறிய படச்சுருள், டிவிடிக்கு மாற்றியவரின் ரசனை, உங்கள் மானிட்டர் என்று நாலு இடத்தில் அது மாறி வந்திருக்கிறது. அதற்குப் பதிலாக, பெயின்ட் அடித்த துண்டைக் கறுப்புப் பம்பர் துண்டோடும் புல்வெளிக்கான பச்சைத் துணியோடும் சேர்த்து மஞ்சள் பல்பின் கீழ் வையுங்கள். ஃபோனில் ஒயிட் பேலன்ஸை (நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை) பூட்டிவிட்டுப் படமெடுத்து, ஃபிரேமில் புல்வெளிக்கு எதிரே வேன் எப்படி நிற்கிறதோ அதே எடுப்பு இதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நிறங்களுக்கு இடையிலான உறவு சரியாக இருந்தால் கண் ஏற்றுக்கொள்ளும்.

முழுப் பளபளப்பான கிளாஸ் பெயின்ட் வேண்டாம். பளபளப்பில் விளக்கின் வெள்ளைப் புள்ளி விழும், ஒவ்வொரு ஃபிரேமிலும் அது தனியாக நடனமாடும். மேலே பாதிப் பளபளப்பு மட்டும் தரும் சாட்டின் வார்னிஷ் ஒரு கோட் அடியுங்கள்.

மாடல் செய்து பழகிய கைகளுக்கு ஒரு வார்த்தை. சேறு, துரு, புகைக்கறை, உதிர்ந்த பெயின்ட் என்று வயதாக்கும் வித்தையை இதில் காட்டாதீர்கள். கிரீன்டேலில் மழை பெய்யும், பனி கொட்டும், வேன் மட்டும் அழுக்காகாது. அதே சமயம், கடையில் வாங்கியது போன்ற வழவழப்பும் வேண்டாம். விளிம்பில் மெலிதாகத் தெரியும் பிரஷ் தடம், ஒரு பக்கம் இம்மி உயர்ந்த பம்பர் இவை இருந்தால் இருக்கட்டும். கையால் செய்த உலகத்தைச் சேர்ந்த வண்டி இது.

சின்னமும் எண்ணும்

பக்கச் சுவரில் தங்க நிறக் கிரீடம். அதைக் கம்ப்யூட்டரில் தேடி அச்சடிப்பதைவிட, ஃபிரேமைப் பார்த்து டிரேசிங் தாளில் வரைந்து, மெல்லிய பிரஷ்ஷால் தீட்டுவது பொருத்தமாக இருக்கும். தங்க பெயின்ட்டில் கொஞ்சம் மஞ்சள் கலந்துகொள்ளுங்கள். சுத்தத் தங்கம் கேமராவில் பழுப்பாகத் தெரியும். எண் தகட்டில் ஆங்கிலத்தில் ‘பேட் 1’. இதைத் தனி அட்டையில் எழுதி ஒட்டினால் தப்பினாலும் மாற்றிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டு அலமாரிக்கும் குழந்தைகளுக்கும் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேட் பெயரில் செய்து விற்பதற்கு உரிமை வாங்க வேண்டும்.

ஓட்டுநர்

வேனுக்குள் இருக்கும் பேட்டுக்கு இடுப்புக்கு மேல் மட்டும் செய்தால் போதும். கம்பியில் முதுகெலும்பு, மரமணியில் தலை, பாலிமர் களிமண்ணில் மூக்கு, கருநீலச் சட்டையும் கூர்விளிம்புத் தொப்பியும். தலை கழுத்தில் திரும்ப வேண்டும், கைகள் ஸ்டியரிங்கில் பதிய வேண்டும். சீட்டின் உயரத்தைத் தொப்பி கூரையில் இடிக்காதபடி வைத்துவிட்டு, ஃபிரேமில் போலவே கண்கள் ஜன்னலின் நடுவில் வருகின்றனவா என்று பார்த்து ஒட்டுங்கள். ஜெஸ்ஸை மறந்துவிடாதீர்கள். பூனை இல்லாத வேனைப் பார்த்தால் யாருக்கும் பேட் நினைவுக்கு வராது.

ஓட்டிப் பார்ப்பது

கேமராவின் முன் ஓடினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. இங்கிலாந்து டிவியில் நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேம் பிடித்தால் நொடிக்குப் பன்னிரண்டரை நிலை. 24 செ.மீ. வேன் தன் நீளத்தை இரண்டு நொடியில் கடக்க வேண்டும் என்றால் 25 நிலை, அதாவது ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 1 செ.மீ. தள்ள வேண்டும். பச்சைத் துணிக்கு அடியில், வழியின் ஓரமாக ஒரு ஸ்கேலை மறைத்து வைத்துக்கொண்டால் கை தவறாது. 4 செ.மீ. சக்கரத்தின் சுற்றளவு 12.6 செ.மீ. என்பதால் ஒவ்வொரு தள்ளலுக்கும் அது 29 பாகைதான் சுழலும். சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது போன்ற மயக்கம் வராது.

கிளம்பும்போது 2 மி.மீ., 4, 7 என்று கூட்டிக்கொண்டே போய் 10-இல் நிலைப்படுத்துங்கள். நிறுத்தும்போது அதையே திருப்பிப் போடுங்கள். நாலைந்து நிலைக்கு ஒருமுறை பின் சக்கரத்தின் கீழ் ஒரு மெல்லிய அட்டைத்துண்டை வைத்து எடுத்தால் கல் பதித்த சாலையில் குலுங்குவது போல வரும். ஒவ்வொரு நிலைக்கும் குலுக்கினால் இன்ஜின் கோளாறு என்று நினைப்பார்கள். வளைவில் முன் அச்சை முதலில் திருப்பி, ஒரு நிலை கழித்து பேட்டின் தலையைத் திருப்புங்கள், அதற்கும் ஒரு நிலை கழித்து ஜெஸ்ஸின் தலையை.